யூரோவிஷனுக்கு எந்தப் பாட்டை அனுப்புவது, அதை யார் முடிவு செய்வது?

யூரோவிஷன் என்பது, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பி வருடந்தோறும் மே மாதம் மோதும் பாட்டுப் போட்டி. அதில் எந்த நாடும் தன் பாட்டுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதல் போட்டி நடந்தபோது இந்தத் தடை இல்லை. நடுவர்கள் சொந்த நாட்டுப் பாட்டுக்கும் மதிப்பெண் போடலாம். போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தே ஜெயித்தது. அடுத்த வருடமே விதியை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லா நாடுகளுக்கும் ஒரே தலைவலிதான். பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதற்கு மதிப்பெண் போடுபவர்கள் வெளியூர்க்காரர்கள். தனக்குப் பிடித்ததை அனுப்புவதா, அடுத்தவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதை அனுப்புவதா? இதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது, அடிக்கடி அதை மாற்றிக்கொண்டும் இருக்கிறது.

நாடு அனுப்புகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, அரசாங்கத்துக்கு இதில் வேலை இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தில் உறுப்பினராக இருக்கும் தொலைக்காட்சி நிறுவனம்தான் பாட்டை அனுப்புகிறது. பிரிட்டனுக்கு பிபிசி, இத்தாலிக்கு ராய், ஸ்வீடனுக்கு எஸ்விடி. ஒன்றியம் போடும் நிபந்தனைகள் அதிகமில்லை. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. முன்னணிக் குரல் நேரடியாக ஒலிக்க வேண்டும். பாடுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். முந்தைய வருடம் செப்டம்பர் 1க்கு முன் பாட்டு வெளியாகியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் மார்ச் நடுவில் ஒப்படைத்துவிட வேண்டும். 1999 முதல் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம்.

பாடகர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட விதி இல்லை. லக்ஸம்பர்க் ஐந்து முறை ஜெயித்திருக்கிறது. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் கிரேக்கத்தில் பிறந்தவர். 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்த செலின் டியோன் கனடாக்காரர். பாட்டை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் கட்டாய விதி கிடையாது. மக்கள் ஓட்டு, நடுவர் குழு, பூட்டிய அறைக்குள் நாலு பேர் பேசி எடுக்கும் முடிவு, எதுவானாலும் சரி.

இந்த முறைகளை எடைபோடுவதற்கு முன் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு நாடும் பத்துப் பாட்டுகளுக்கு மட்டும் மதிப்பெண் தரும். முதலிடத்துக்கு 12, அடுத்ததற்கு 10, அப்புறம் 8இல் ஆரம்பித்து 1 வரை. 2016 முதல் இறுதிச் சுற்றில் நடுவர் குழுவின் பட்டியல் தனி, மக்களின் பட்டியல் தனி. பதினோராவது இடத்துக்கு ஒன்றுமே இல்லை. ஐரோப்பா முழுக்க எல்லாருக்கும் ஓரளவு பிடித்து, எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்த பாட்டு மொத்தத்தில் பூஜ்ஜியம் வாங்கும். பாதிப் பேர் முகம் சுளித்தாலும் மீதிப் பேர் வெறித்தனமாக ரசிக்கிற பாட்டு மேலே போய்விடும்.

2025இல் பாசல் நகரில் இதைப் பச்சையாகப் பார்க்க முடிந்தது. பிரிட்டனுக்கு நடுவர்கள் 88 மதிப்பெண் கொடுத்தார்கள், மக்கள் கொடுத்தது 0. போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துக்கு நடுவர்கள் 214, மக்கள் 0. யாருமே ஓட்டுப் போடவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த நாட்டிலும் முதல் பத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

உள்ளூர்த் தேர்வு இந்தக் கணக்குக்கு நேர் எதிராக ஓடக்கூடியது. ஒரு குழு உட்கார்ந்து பேசினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பாட்டு ஜெயிக்கும். மக்கள் ஓட்டுக்கு விட்டால் ஊரறிந்த முகம் ஜெயிக்கும். இருபது வருடமாக வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பாடகர்மேல் இருக்கும் பாசம் எல்லையைத் தாண்டி ஒரு மைல்கூடப் போகாது. அவரை முதல்முறை பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்குத் தெரிவது மூன்று நிமிடப் பாட்டும் மேடையும் மட்டும்தான்.

இந்தச் சிக்கலை ரொம்பவும் யோசித்து அணுகிய நாடு ஸ்வீடன். அவர்களின் மெலோடிஃபெஸ்டிவாலன் தேர்வுப் போட்டி 2002 முதல் ஊர் ஊராகப் போகிறது. வருடத் தொடக்கத்தில் ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொரு வாரமும் வேறு நகரம். 2010இல் ஸ்வீடன் யூரோவிஷனின் அரையிறுதியிலேயே வெளியேறியது. அந்த நாட்டுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 2011 முதல் இறுதிச் சுற்றின் நடுவர் குழுக்கள் எல்லாமே வெளிநாட்டுக் குழுக்கள். பாதி முடிவு அவர்கள் கையில், மீதி ஸ்வீடன் மக்கள் கையில். அதாவது மே மாதம் ஓட்டுப் போடப்போகிறவர்களின் சாயலில் சிலரை மார்ச்சிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறார்கள். மக்கள் ஓட்டையும் வயதுவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். கட்டணமில்லாத செயலியைப் பொழுதன்றைக்கும் தட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைகள் மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடக் கூடாது அல்லவா. 2012, 2015, 2023 என்று மூன்று முறை ஜெயித்தார்கள். அதற்கு வெளிநாட்டு நடுவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பாட்டு எழுதுவது ஒரு பெரிய தொழில். தவிர, மெலோடிஃபெஸ்டிவாலன் மேடையில் விளக்கு, கேமரா, நடனம் எல்லாம் யூரோவிஷன் அளவிலேயே இருக்கும். அங்கே ஜெயித்த பாட்டு ஏறக்குறைய முழு உருவத்தில் பெரிய மேடைக்குப் போய்ச் சேர்கிறது. மற்ற நாடுகள் மார்ச்சில் பாட்டை முடிவு செய்துவிட்டு, மேடையில் என்ன செய்வது என்று ஏப்ரலில் யோசிக்கின்றன.

பக்கத்து நாடான பின்லாந்து வேறு வழியில் போனது. 2023இல் அவர்களுடைய தேர்வில் மக்கள் ஓட்டுக்கு 75 சதவீதம், வெளிநாட்டு நடுவர்களுக்கு 25 சதவீதம். ஜெயித்தவர் கேரியா. பச்சை நிறத்தில் உப்பிய கைகள் வைத்த சட்டையில், பின்னிஷ் மொழியில் கத்திப் பாடி ஆடியவர். அதே வருடம் ஸ்வீடன் லோரீனை அனுப்பியது. லிவர்பூலில் வந்த முடிவு பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்கது. மக்கள் ஓட்டில் கேரியா 376, லோரீன் 243. நடுவர்களிடம் லோரீன் 340, கேரியா 150. மொத்தத்தில் லோரீன் 583க்கு 526 என்று ஜெயித்தார். மக்களை நம்பித் தேர்ந்தெடுத்த நாட்டுக்கு மக்கள் ஓட்டு குவிந்தது, நடுவர்களுக்குப் பாதி இடம் கொடுத்த நாட்டுக்கு நடுவர் ஓட்டு குவிந்தது. ஒரே ஒரு வருடத்தை வைத்து விதி எழுதக்கூடாதுதான். ஆனால் வேறு வருடங்களைப் புரட்டினாலும் இதே சாயல் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. யாரை வைத்துத் தேர்வு செய்கிறீர்களோ, அவர்களைப் போன்றவர்களின் ஓட்டுதான் மேடையிலும் கிடைக்கிறது.

ஸ்வீடனே இதற்கு விலக்கு காட்டியதும் உண்டு. 2025இல் முன்னாள் வெற்றியாளர் மோன்ஸ் செல்மர்லோவ் தேர்வுப் போட்டிக்குத் திரும்பி வந்தார். மக்கள் ஓட்டின் வேகத்தில் அவரைத் தாண்டி ஜெயித்தது ‘காய்’ என்ற மூவர் குழு. பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் பகுதியிலிருந்து வந்தவர்கள், பாடியது நீராவிக் குளியலைப் பற்றி. 1998க்குப் பிறகு ஸ்வீடன் ஸ்வீடிஷ் மொழியில் யூரோவிஷனுக்கு அனுப்பிய முதல் பாட்டு அதுதான். நாலாவது இடம் கிடைத்தது.

இத்தாலியோ இந்தக் கவலையே படுவதில்லை. யூரோவிஷனே அவர்களுடைய சான்ரெமோ பாட்டு விழாவைப் பார்த்து உருவானதுதான். சான்ரெமோ 1951இல் தொடங்கியது, யூரோவிஷனுக்கு ஐந்து வருடம் மூத்தது. பிப்ரவரியில் ஐந்து இரவுகள் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும். அங்கே பாடுகிறவர்கள் ஐரோப்பாவை நினைத்துப் பாடுவதில்லை. இத்தாலிய ரசிகருக்காக, இத்தாலிய மொழியில், மூன்று நிமிடத்தைத் தாண்டியே பாடுகிறார்கள். ஜெயித்தவருக்கு யூரோவிஷன் போக முதல் உரிமை உண்டு. போவதும் போகாததும் அவர் இஷ்டம். 2021இல் மோனஸ்கின் குழு சான்ரெமோவில் ஜெயித்தது. பாட்டை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கி, வரிகளில் இருந்த கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு ரோட்டர்டாமுக்குப் போய் அங்கேயும் ஜெயித்தது.

பதின்மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு 2011இல் போட்டிக்குத் திரும்பிய இத்தாலி, 2025 வரை இரண்டு முறைதான் முதல் பத்துக்கு வெளியே போயிருக்கிறது. 2014இல் ராய் நிறுவனம் சான்ரெமோவை ஒதுக்கிவிட்டு எம்மாவைத் தானே தேர்ந்தெடுத்தது, 21வது இடம். 2016இல் சான்ரெமோவில் ஜெயித்த ஸ்டாடியோ குழு வர மறுத்ததால் ஃபிரான்செஸ்கா மிக்கியெலின் போனார், 16வது இடம். சரி, அப்படியானால் வெற்றியாளர் வராவிட்டால் சரிவுதானா? அதுவும் இல்லை. 2025இல் முதலிடம் பெற்ற ஓலி மறுத்துவிட, இரண்டாம் இடம் பெற்ற லூச்சோ கோர்சி போய் ஐந்தாவதாக வந்தார். சான்ரெமோவின் பலம் ஜெயிக்கும் ஆளில் இல்லை என்றே நினைக்கிறேன். நாட்டின் முதல்தரப் பாடகர்கள் கௌரவம் கருதித் தாங்களாக வந்து நிற்கும் மேடை அது. யூரோவிஷனுக்கென்று தனியாக ஒரு தேர்வு வைத்தால், தோற்றால் பெயர் கெட்டுவிடுமோ என்று பெரிய பாடகர்கள் ஒதுங்கிவிடுவது பல நாடுகளில் நடக்கிறது. முதல் தரமானவர்கள் வராத தேர்வில் ஓட்டு முறையை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் பலன் குறைவு.

ஸ்பெயின் இதைப் புரிந்துகொண்டுதான் 2022இல் பெனிடோர்ம் விழா என்ற தேர்வுப் போட்டியைத் தொடங்கியது. முதல் வருடமே ரகளை. கலீசிய மொழியில் பாடிய தான்ஷுகெய்ராஸ் என்ற பெண்கள் குழு மக்கள் ஓட்டில் முதலிடம். ஆனால் நடுவர்கள் கையில் பாதி மதிப்பெண் இருந்தது, அவர்களுக்குப் பிடித்தது ஷனெல் என்ற பாடகியை. கூட்டிப் பார்த்தால் ஷனெல் வெற்றி. மக்கள் தீர்ப்பைத் திருடிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது, விவகாரம் நாடாளுமன்றக் கேள்வி வரை போனது. வசை தாங்காமல் ஷனெல் சமூக ஊடகத்திலிருந்து கொஞ்ச காலம் விலகியிருந்தார். மே மாதம் டூரினில் அவர் மூன்றாவது இடம் பிடித்தார். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அதுதான் சிறந்த இடம். திட்டியவர்களில் பலர் கொண்டாடவும் செய்தார்கள். தான்ஷுகெய்ராஸ் போயிருந்தால் இன்னும் மேலே வந்திருப்பார்களா என்று இப்போதும் வாதாடுகிறவர்கள் உண்டு. தேர்வில் தோற்ற பாட்டுக்கு அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது, அது ஐரோப்பாவில் தோற்கவே முடியாது.

இந்தச் சண்டையே வேண்டாம் என்று மக்கள் ஓட்டை ஓரங்கட்டிய நாடுகளும் இருக்கின்றன. நெதர்லாந்து 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு வருடம் அரையிறுதியைத் தாண்டவில்லை. 2013இல், ஏற்கெனவே பெரிய நட்சத்திரமாக இருந்த அனூக்கை நேரடியாக அனுப்பினார்கள், ஒன்பதாவது இடம். அடுத்த வருடம் காமன் லினட்ஸ் குழு, இரண்டாவது இடம். பெரிய ஆட்கள் போகலாம், போனால் மானம் போகாது என்ற நம்பிக்கை நாட்டில் வந்தது. காமன் லினட்ஸில் பாடிய இல்சே டெலாங்க, பெயர் தெரியாத ஓர் இளைஞருக்காகப் பின்னாளில் பரிந்து பேசினார். அந்த டங்கன் லாரன்ஸ்தான் 2019இல் நெதர்லாந்துக்கு வெற்றி வாங்கித் தந்தார்.

சுவிட்சர்லாந்தும் 2015 முதல் 2018 வரை நான்கு முறை அரையிறுதியில் கவிழ்ந்தது. பிறகு தொலைக்காட்சித் தேர்வை நிறுத்திவிட்டு, ரசிகர் குழு ஒன்று, வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்று என இரண்டை வைத்து ரகசியமாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. 2019இல் நாலாவது, 2021இல் மூன்றாவது, 2024இல் மால்மோ நகரில் நெமோ வழியாக முதலிடம். ஆனால் விவரத்தைக் கவனியுங்கள். நெமோவுக்கு நடுவர்கள் கொடுத்தது 365, மக்கள் கொடுத்தது 226. அடுத்த வருடம்தான் மேலே சொன்ன அந்த 214, 0. வல்லுநர் காதுக்குத் தேர்ந்தெடுத்த பாட்டு வல்லுநர் காதில் இனித்தது.

பிரிட்டன் எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டது. பிரபலங்களை அனுப்பிய காலம் ஒன்று உண்டு. 2012இல் பாகு நகருக்குப் போன எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்குக்கு அப்போது 76 வயது, 26 பாட்டுகளில் 25வது இடம். (அவர் சென்னையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.) 2016 முதல் 2019 வரை மக்களிடம் கேட்டார்கள், 2019இல் கடைசி இடம். 2021இல் நிறுவனமே தேர்ந்தெடுத்தது, நடுவர்களும் மக்களும் சேர்ந்து பூஜ்ஜியம் கொடுத்தார்கள். 2022இல் ஓர் இசை மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, இணையத்தில் பெயர் வாங்கியிருந்த சாம் ரைடரைக் கண்டுபிடித்தார்கள். 466 மதிப்பெண், இரண்டாவது இடம். விடை கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். மறுவருடம் அதே முறையில் மே முல்லரை அனுப்ப, 25வது இடம் வந்தது.

பிரிட்டன், ஜெர்மனி மாதிரி நாடுகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. போட்டிக்கு அதிகப் பணம் கொடுப்பதால் அவர்கள் அரையிறுதி இல்லாமல் நேராக இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள். சலுகை மாதிரி தெரியும். ஆனால் மற்ற நாடுகளின் தவறான தேர்வு அரையிறுதியிலேயே சத்தமில்லாமல் மறைந்துவிடும். இவர்களுடையது சனிக்கிழமை இரவில், கோடிக்கணக்கானவர்கள் பார்க்க, பட்டியலின் அடியில் கிடக்கும்.

எந்த முறையானாலும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் கடைசியில் மேடையேறுவார் என்ற உத்தரவாதம் இல்லை. 2015இல் ஜெர்மனியின் தேர்வில் மக்கள் ஓட்டில் ஜெயித்த ஆண்ட்ரியாஸ் கூமெர்ட், நேரலையிலேயே வாய்ப்பு வேண்டாம் என்று சொல்லி இரண்டாவதாக வந்த ஆன் சோஃபிக்கு விட்டுக்கொடுத்தார். நாடு இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தவர் என்ற முத்திரையோடு வியன்னா போன அவருக்குப் பூஜ்ஜியம். இனி ஓட்டே வேண்டாம் என்று அடுத்த போட்டிக்கு சேவியர் நைடூவை நேரடியாக அறிவித்தார்கள். அவருடைய பழைய அரசியல் பேச்சுகளைச் சொல்லி எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ்.

உக்ரைனின் உள்ளூர்த் தேர்வில் 2019இல் மாருவ் என்ற பாடகி ஜெயித்தார். ரஷ்யாவில் கச்சேரி நடத்துவது தொடர்பாக ஒலிபரப்பு நிறுவனம் போட்ட ஒப்பந்த நிபந்தனைகளை அவர் ஏற்கவில்லை. அடுத்த இடங்களில் வந்தவர்களும் மறுத்துவிட, அந்த வருடம் உக்ரைன் போட்டிக்கே போகவில்லை. 2022இல் அதே தேர்வில் ஜெயித்த அலீனா பாஷ், ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவுக்குப் போய்வந்த பயண ஆவணங்கள் சர்ச்சையானதால் விலகினார். இரண்டாவதாக வந்த கலுஷ் ஆர்கெஸ்ட்ரா போய் 631 மதிப்பெண்ணோடு ஜெயித்தது. அதில் 439 மக்கள் ஓட்டு. போர் தொடங்கியிருந்த அந்த வருடத்தை எந்தத் தேர்வு முறைக்கும் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாடே ஒரு மனதாக அனுப்பினாலும் ஒன்றியம் தடுக்கலாம். 2009இல் மாஸ்கோ போட்டிக்கு ஜார்ஜியா அனுப்பிய பாட்டு புடினின் பெயரை வைத்து விளையாடுகிறது என்று சொல்லி வரிகளை மாற்றச் சொன்னார்கள். ஜார்ஜியா விலகிக்கொண்டது. 2021இல் பெலாரஸ் அனுப்பிய இரண்டு பாட்டுகளுமே நிராகரிக்கப்பட்டன. 2025இல் மால்டாவின் பாட்டில் இருந்த ஒரு சொல் ஆங்கிலக் கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்கிறது என்று அதை எடுக்கச் சொன்னார்கள். தலைப்பு மாறியது, பாட்டு போனது.

இவ்வளவு இழுபறி இருந்தும் ஏன் பல நாடுகள் தொலைக்காட்சித் தேர்வை விடுவதில்லை? ஸ்வீடனில் மெலோடிஃபெஸ்டிவாலன் வருடத்தில் மிக அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று. அல்பேனியாவில் 1962 முதல் நடக்கும் பாட்டு விழா, அந்த நாடு யூரோவிஷனுக்கு வருவதற்கு நாற்பது வருடம் முன்பே இருந்தது. அங்கே டிசம்பரில் ஜெயிக்கும் பாட்டைச் சுருக்கி, சில வருடங்களில் ஆங்கிலத்துக்கு மாற்றி, அதன் பிறகுதான் அனுப்புகிறார்கள். மே மாதம் என்ன இடம் வந்தாலும், ஒலிபரப்பு நிறுவனத்துக்கு ஆறு வாரக் கூட்டமும் பேச்சும் கைமேல் கிடைத்த லாபம். ரகசியத் தேர்வில் அது கிடையாது, ஒரு காணொளியும் ஓர் அறிக்கையும் வெளியிடுவதோடு முடிந்துவிடும். ஜெயித்தால் அடுத்த வருடம் போட்டியை நடத்தும் செலவு வேறு தலையில் விழும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எல்லா நிறுவனமும் எல்லா வருடமும் ஜெயிப்பதற்காக மட்டுமே தேர்ந்தெடுக்கின்றன என்று நம்புவது கஷ்டம்.

2023 முதல் 2025 வரை அரையிறுதியில் மக்கள் ஓட்டு மட்டுமே எண்ணப்பட்டது. நடுவர்களுக்கு மட்டும் பிடிக்கக்கூடிய பாட்டை அனுப்பிய சின்ன நாட்டுக்கு இறுதிச் சுற்றைப் பார்க்கும் வாய்ப்பே குறைவு. அதனால் அந்த வருடங்களில் முதல் பத்து விநாடியிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும் பாட்டுகளுக்கு மவுசு கூடியது. 2026 வியன்னா போட்டிக்கு விதிகள் திரும்பவும் மாறின. அரையிறுதிக்கு நடுவர்கள் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு நாட்டின் குழுவிலும் ஐந்துக்குப் பதில் ஏழு பேர், அதில் குறைந்தது இருவர் 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு ரசிகர் ஒரு கட்டண முறையில் போடக்கூடிய ஓட்டுகள் 20இலிருந்து 10 ஆகக் குறைந்தன. இந்த அறிவிப்பு வந்தது 2025 நவம்பரில். பல நாடுகள் அதற்குள் பாட்டுகளைக் கேட்டு வாங்கிவிட்டிருந்தன.